கேடயத்துக்குள் சூரியக் காற்று: அடிக்கடி தப்பாகச் சொல்லப்படுபவை

பூமியின் காந்தப்புலத்தைக் கேடயம் என்கிறோம். சொல் சரிதான். ஆனால் கேடயம் என்றதும் ஓட்டையில்லாத இரும்புத் தகடு ஒன்று மனத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது, அங்கேதான் சிக்கல். சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றில் பெரும்பகுதி பூமியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்கிறது.

எந்த வழியாக? "துருவத்தில் ஓட்டை இருக்கிறது, அதில் கொட்டுகிறது" என்பார்கள். பாதி உண்மை. துருவங்களுக்கு மேலே பகல் பக்கத்தில் புனல் போன்ற இரண்டு இடுக்குகள் உண்டு. ஆனால் இரவில் நாம் வியக்கும் துருவ ஒளி பெரும்பாலும் அந்தப் புனலில் விழுந்ததல்ல. பூமிக்குப் பின்னால் நீளும் காந்த வாலில் சேர்ந்து, பூமியின் காந்தப்புலம் ஆளும் பகுதியான காந்த மண்டலத்துக்குள்ளேயே முடுக்கம் பெற்ற எலக்ட்ரான்களின் வேலை அது.

அடுத்தது, வேகத்தை மட்டும் பார்ப்பது. காற்று சுமந்து வரும் காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அது தெற்கு நோக்கியிருந்தால், நமக்கு முன்னால் சூரியன் பக்கம் சுமார் 65,000 கிலோமீட்டரில், பூமியின் புலத்துக்கு நேரெதிராக மோதும். இரண்டின் காந்தப்புலக் கோடுகளும் அறுந்து, ஆள் மாற்றி ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒரே கோட்டின் ஒரு முனை பூமியில், மறு முனை விண்வெளியில். அதைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்மா, அதாவது சூரியக் காற்றின் மின்னூட்டத் துகள் கூட்டம், இறங்கிவிடும். 1961-ல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜேம்ஸ் டங்கி சொன்ன யோசனை இது.

சரி, வடக்கு நோக்கியிருந்தால் கதவு சாத்திவிடுமா? இங்கேதான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அப்போது ஆற்றல் நுழைவது குறையும், பூமியின் புலத்தைக் குலுக்கும் காந்தப்புயலும் அடங்கியிருக்கும். துகள்கள் நுழைவது நிற்காது. சூரியக் காற்றின் கோடு ஒன்று வட துருவத்துக்கு அப்பாலும் தென் துருவத்துக்கு அப்பாலும் பூமியின் கோடுகளோடு ஒட்டிக்கொண்டால், இரு முனையும் மூடி, அதிலிருந்த பிளாஸ்மா பையோடு மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டிலோ, குளத்து நீரில் காற்று அலை எழுப்புவதுபோல காந்த மண்டலத்தின் எல்லையே சுருண்டு மடங்கும். ஐரோப்பாவின் கிளஸ்டர் விண்கலங்கள் அந்தச் சுழல்களை நேரில் கண்டன. அமைதியான வேளையில் இப்படிச் சேரும் அடர்ந்த பிளாஸ்மா, புலம் பிறகு தெற்கே திரும்பும்போது புயலுக்குத் தீனியாகலாம்.

அப்புறம், உள்ளே இருப்பதெல்லாம் சூரியனுடையது என்றும் எழுதிவிடக் கூடாது. ஒரே ஒரு எலக்ட்ரானை இழந்த ஆக்ஸிஜன் அயனி கருவியில் சிக்கினால், அது நம் வளிமண்டலத்திலிருந்து மேலே கிளம்பியது. சூரியனிலிருந்து வரும் ஆக்ஸிஜன் பெரும்பாலும் ஆறு எலக்ட்ரான்களைத் தொலைத்துவிட்டுத்தான் வந்து சேரும்.