நாலு புள்ளி, இரண்டு மூலைவிட்டம்

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் கிரேடு, கணிதத்தின் இரண்டாம் தாள் 150 மார்க். அதில் ஏறத்தாழ 40 மார்க் ஆயத்தொலை வடிவியலுக்குப் போகிறது. பதினோராம் கிரேடில் 150க்கு 30, பத்தில் 100க்கு 15. மெட்ரிக் வினாத்தாளோடு ஒரு தகவல் தாளும் கொடுப்பார்கள். தொலைவு, நடுப்புள்ளி, சாய்வு, வட்டத்தின் சமன்பாடு எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும் என்ற விஷயம் அதில் இருக்காது. அது பிள்ளையின் தலைக்குள் இருக்க வேண்டும். அதனால் வீட்டில் உட்கார்ந்து உதவுகிறவர்கள் சூத்திரத்தை ஒப்பிக்க வைப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பேன். உருவங்களைப் பழக்குங்கள்.

நான் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் என் பேரனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் என் சமையலறை மேசைக்கு வருகிறார்கள். முதலில் அவர்கள் கையில் பேனா இருக்காது. சொசாட்டி (இறைச்சி கோத்துச் சுடும்) குச்சி நாலும் ரப்பர் பேண்டும் கொடுப்பேன். ஒரே நீளக் குச்சிகளை முனையில் கட்டி நாற்கரமாக்கச் சொல்வேன். “ஆயா, சதுரம்!” என்பார்கள். ஒரு மூலையை லேசாக அழுத்தச் சொன்னால் சாய்சதுரமாகிவிடும். நாலு பக்கமும் சமம் என்று காட்டிவிட்டு ‘ஆகவே சதுரம்’ என்று எழுதி மார்க்கை விடுகிற பிள்ளைகள் நிறைய. குச்சியை ஒருமுறை அழுத்திப் பார்த்தவர்கள் அப்படி எழுதுவதில்லை.

இனி ஒரு கணக்கு. கசதப ஓர் இணைகரம். க(–2; 1), ச(3; 3), த(5; –2). ப எங்கே? பிறகு, கசதப ஒரு சதுரம் என்று நிறுவு.

(இங்கே தசமத்துக்குக் காற்புள்ளி போடுவதால் ஆயங்களுக்கு நடுவில் அரைப்புள்ளி வரும். சென்னையிலிருந்து சித்தப்பா வாட்ஸப்பில் சொல்லிக்கொடுக்கிறார் என்றால் இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

பிள்ளையின் கை உடனே தொலைவுச் சூத்திரத்துக்குப் போகும். நிறுத்துங்கள். கட்டம் போட்ட தாளில் மூன்று புள்ளிகளையும் வைக்கட்டும். கையால் போட்ட கோடே போதும். பிறகு பெயரின் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். க, ச, த, ப என்று சுற்றி வருவதால் கத ஒரு மூலைவிட்டம், சப இன்னொன்று. இதைக் கவனிக்காத பிள்ளை ப-வைத் தப்பான இடத்தில் வைக்கும். அதே மூன்று புள்ளிகளை வைத்து (–4; 6), (10; 0) என்று வேறு இரண்டு இடங்களிலும் நாலாவது புள்ளியை வைத்து இணைகரம் வரையலாம். வரிசைதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

இப்போது கேளுங்கள்: “இணைகரத்தின் மூலைவிட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?” பதில் வரும்வரை காத்திருங்கள், நீங்களே சொல்லிவிடாதீர்கள். சரிபாதி என்று பிள்ளை சொன்னதும் வேலை சுருங்கிவிடும். கத-வின் நடுப்புள்ளி (3/2; –1/2). சப-வின் நடுப்புள்ளியும் அதுவே. நடுப்புள்ளி என்பது கூட்டலில் பாதி, ஆகவே ச, ப இரண்டின் எக்ஸும் சேர்ந்து கூட்டல் 3 வர வேண்டும். ச-வில் 3 இருப்பதால் ப-வின் எக்ஸ் 0. ஒய் கூட்டல் –1 வர வேண்டும். ச-வில் 3 இருப்பதால் ப-வில் –4. ஆக ப(0; –4). சாய்வைச் சமப்படுத்தி இரண்டு சமன்பாடு எழுதியும் இதே விடைக்கு வரலாம், ஆனால் குறி தவறுவதற்கு அங்கே இடம் அதிகம்.

சதுரத்துக்கு நாலு பக்கத்தையும் நாலு சாய்வையும் கணக்கிடுகிற பிள்ளை அரைப் பக்கம் எழுதும். இணைகரம் என்று வினாவே சொல்லியிருக்கிறது. இணைகரத்தில் மூலைவிட்டங்கள் செங்குத்தானால் சாய்சதுரம், சமமானால் செவ்வகம், இரண்டும் சேர்ந்தால் சதுரம். கத-வின் சாய்வு –3/7, சப-வின் சாய்வு 7/3. பெருக்கினால் –1, ஆகவே செங்குத்து. நீளத்தின் வர்க்கம் கத-வுக்கு 49 + 9 = 58, சப-வுக்கு 9 + 49 = 58. முடிந்தது. √58 என்று எழுதிய பிறகு கால்குலேட்டரைத் தட்டித் தசமமாக்கவே வேண்டாம். சமம் என்று காட்ட வர்க்கமூலமே துல்லியம்.

ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். ‘மூலைவிட்டங்கள் சமம், செங்குத்து’ என்ற ஒரு வரி திருத்துகிறவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். படத்தில் செங்கோணமாகத் தெரிகிறது என்பது காரணமாகாது. படம் வழியைக் காட்டும், நிறுவுவதற்கு எண் வேண்டும். இந்த வித்தியாசத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு.

நேர்குத்துக் கோடு வந்தால் மட்டும் உஷார். அதற்குச் சாய்வு கிடையாது, –1 பெருக்கல் அங்கே செல்லாது. ஒரு கோடு நேர்குத்து, மற்றது கிடைக்கோடு என்று சொன்னாலே செங்குத்து நிறுவப்பட்டுவிடும்.

பன்னிரண்டாம் கிரேடில் வட்டம் வரும்போதும் இதே பழக்கம் கைகொடுக்கும். மேலே உள்ள படத்திலேயே க, ச, த மூன்றும் வழியாகப் போகும் வட்டத்தின் சமன்பாட்டைக் கேட்டால், மூன்று சமன்பாடுகளைத் தீர்க்க உட்கார வேண்டியதில்லை. ச-வில் செங்கோணம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தைத் திருப்பிப் பிடித்தால் கத விட்டம். மையம் நாம் ஏற்கெனவே கண்ட (3/2; –1/2), ஆரத்தின் வர்க்கம் 58-ல் கால் பங்கு, அதாவது 29/2. அந்த வட்டத்துக்கு ச-வில் தொடுகோடு கேட்டால், ஆரத்துக்குச் செங்குத்து. மையத்திலிருந்து ச-வுக்குப் போகும் கோடு சப-வின் மேலேயே கிடக்கிறது, அதன் சாய்வு 7/3. ஆகவே தொடுகோட்டின் சாய்வு –3/7. மூலைவிட்டம் கத-வின் சாய்வும் அதுதான். ஏன் இரண்டும் இணையாக வந்தன என்று பிள்ளையையே கண்டுபிடிக்க விடுங்கள்.