குவாண்டம் கணக்கு முடிந்ததா? கொடி வைத்துப் பார்ப்போம்

சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை நசுக்கினால் போதும், பானைக்கு ஒன்றும் ஆகாது. குவாண்டம் கணினி போடும் கணக்கை அப்படிப் பதம் பார்க்க முடியாது. நடுவில் அளந்தால் கணக்கே கெட்டுவிடும். அதனால் 1985-இல் இயற்பியலாளர் டேவிட் டாய்ச் ஒரு வழி சொன்னார்: முடிந்த சேதியைச் சொல்வதற்கென்றே தனியாக ஒரு க்யூபிட் (0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட்). முடியும்வரை 0, முடிந்ததும் 1. இதைக் கொடி என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கின் கிளைகள் வெவ்வேறு நேரத்தில் முடிந்தால் இதில் ஒரு சிக்கல் இருப்பதை 1997-இல் ஜான் மையர்ஸ் என்ற ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். அதை நாமே செய்து பார்க்கலாம். பிரவுசரில் க்விர்க் என்ற இலவசக் கருவியைத் திறங்கள். அதில் ஒவ்வொரு கம்பியும் ஒரு க்யூபிட்: மேல் கம்பி கணக்கு, கீழ்க் கம்பி கொடி.

படி 1: மேல் கம்பியில் சற்று இடைவெளி விட்டு இரண்டு ஹடமார்ட் கேட் வையுங்கள் (கேட் என்றால் க்யூபிட்டின் நிலையை மாற்றும் ஒரு செயல்; இதன் பெட்டியில் ஹெச் என்றிருக்கும்). முதலாவது கணக்கை இரண்டு கிளையாகப் பிரிக்கிறது, இரண்டாவது சேர்க்கிறது. 1-க்குப் போகும் பங்குகள் எதிரெதிர்க் குறியோடு வந்து ஒன்றையொன்று அடித்துவிடும். வலது ஓரத்தில் தெரிவது, அளந்தால் 1 வரும் வாய்ப்பு. மேல் கம்பிக்கு ‘Off’, அதாவது 0% என்று காட்டும்.

படி 2: இரண்டுக்கும் நடுவே, ஒரே நெடுவரிசையில், மேலே கறுப்புப் புள்ளி, கீழே வட்டத்துக்குள் கூட்டல் குறி. அதாவது, 1-இல் இருக்கும் கிளை முடிந்துவிட்டது, அது மட்டும் கொடி ஏற்றுகிறது. இப்போது 50%! யாரும் எதையும் அளக்கவில்லை. முதல் தடவை கேட்டைத் தப்பாக வைத்துவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். தப்பில்லை. எந்தக் கிளை முடிந்தது என்ற தகவல் கொடியில் பதிந்துவிட்டது. அப்புறம் கிளைகள் பழையபடி சேராது.

படி 3: கறுப்புப் புள்ளியை மட்டும் எடுத்துவிடுங்கள். இரண்டு கிளையும் ஒரே நேரத்தில் கொடி ஏற்றுகின்றன. மறுபடி 0%. கொடிக் கம்பியில் அளவீட்டுக் கேட்டை வைத்தாலும் மாறாது. எல்லாக் கிளையும் ஒன்றாக முடியவேண்டும் என்று கணினி அறிவியலாளர்கள் பெர்ன்ஸ்டைனும் வசிரானியும் நிபந்தனை போட்டது இதனால்தான்.

படி 4: சரி, ஒன்றாக முடியாவிட்டால்? கொடி ஏறியபின் விடையைத் தொடாமல் இருந்தால் போதும் என்று 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர் மசனாவ் ஒசாவா காட்டினார். கறுப்புப் புள்ளியைத் திரும்ப வையுங்கள். கொடியில் அளவீட்டுக் கேட் இருந்தால் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். இரண்டாவது ஹடமார்டுக்கு நேர் கீழே கொடிக் கம்பியில் வெள்ளைப் புள்ளி. கொடி ஏறாத கிளையில் மட்டும் அது வேலை செய்யும். 75% வரும். இப்போது கூட்டல் குறிக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் நடுவே அளவீட்டுக் கேட் வைத்துக் கொடியை அளந்து பாருங்கள். அதே 75%, அளந்தும் எதுவும் கெடவில்லை.

இணையம் வழியே (கிளவுடில்) ஓட்டும் குவாண்டம் கணினி ‘முடிந்தது’ என்று காட்டுகிறதே என்பீர்கள். அது கொடி க்யூபிட் சொல்வதல்ல, அதை ஓட்டுகிற சாதாரணக் கணினி சொல்வது. பெரும்பாலான சர்க்யூட்டுகளில், அதாவது இப்படி அடுக்கிய கேட் வரிசைகளில், எத்தனை கேட் என்பது ஓடும் முன்பே முடிவாகிவிடுகிறது, அங்கே கொடிக்கு வேலையே இல்லை.