பிரிட்டிஷ் தேநீர்க் கதையில் சறுக்கும் இடங்கள்

பிரிட்டிஷ்காரர்களின் டீயைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. முதலில் 'ஹை டீ'. நம் ஊர் நட்சத்திர ஹோட்டல்களில் மூன்றடுக்குத் தட்டில் குட்டி சாண்ட்விச்சும் கேக்கும் அடுக்கிவைத்து அதை ஹை டீ என்கிறார்கள். உண்மையில் அது ஆஃப்டர்நூன் டீ. 1840களில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மேட்டுக்குடிப் பழக்கம். ஹை டீ என்பது, ஆலையிலிருந்து களைத்து வந்த தொழிலாளி மாலை ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டது: ரொட்டி, வெண்ணெய், இறைச்சி, கூடவே ஸ்ட்ராங்கான டீ. மொழிபெயர்ப்பவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். வடக்கு இங்கிலாந்துக் குழந்தை அம்மாவிடம் "இன்னைக்கு டீக்கு என்ன?" என்று கேட்டால், அது கேட்பது ராத்திரிச் சாப்பாட்டை.

இங்கிலாந்துக்குத் தேநீரைக் கொண்டுவந்தவர் போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரின் என்று எழுதுவது அடுத்த தவறு. அவர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணந்து வந்தது 1662இல். லண்டன் செய்தித்தாளில் தேநீர் விளம்பரம் 1658லேயே வந்துவிட்டது. லண்டன் கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் 1660 செப்டம்பரில் தேநீர் வரவழைத்துக் குடித்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அரசவையில் அதை நாகரிகமாக்கினார் என்று மட்டும் சொன்னால் சரி.

அதற்கும் முன்னால் காப்பி இருந்தது. இதை விட்டுவிடுவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருகிறது. 1652இல் லண்டன் கார்ன்ஹில் பக்கத்துச் சந்து ஒன்றில் பாஸ்குவா ரோசே காப்பிக் கடை போட்டார். ஒரு பென்னி கொடுத்தால் போதும், நீள மேசையில் யார் பக்கத்திலும் உட்காரலாம், செய்தித்தாள் படிக்கலாம், அரசியல் பேசலாம். அந்தப் பேச்சுக்குப் பயந்து 1675 டிசம்பரில் சார்லஸ் இந்தக் கடைகளை மூடச் சொல்லி ஆணையிட்டார். எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். லாய்ட்ஸ் என்ற காப்பீட்டு (இன்சூரன்ஸ்) வணிகம் பிறந்ததும் எட்வர்ட் லாய்டின் காப்பிக் கடையில்தான்.

அப்புறம் டீ எப்படி ஜெயித்தது? 'ராணி குடித்தார், ஊரே குடித்தது' என்று முடித்துவிடாதீர்கள். வரியைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலை பூட்டிவைக்கும் சாமான். மரப்பெட்டிக்குள் பச்சைத் தேயிலைக்கு ஓர் அறை, கறுப்புக்கு ஓர் அறை. சாவி வீட்டு எஜமானியிடம். வேலைக்காரர் கைக்கு அது போகாது. வரி நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்ததால் கள்ளக்கடத்தல் கொழித்தது. வேறு இலைகளைக் கலந்து விற்றார்கள். 1784இல் வரியை 12.5 சதவீதமாக இறக்கினார்கள். கடத்தல்காரர்களின் பிழைப்பு படுத்தது, ஏழை வீட்டு அடுப்பிலும் டீத்தண்ணீர் ஏறியது.

அந்தத் தேயிலை அசாமிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்ததாக நினைப்பதும் பிழை. எல்லாம் சீனச் சரக்கு. அசாம் தேயிலை லண்டனில் முதலில் ஏலத்துக்கு வந்ததே 1839 ஜனவரியில், வெறும் எட்டுப் பெட்டி. இலங்கை மலைகளில் அப்போது காப்பிதான். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் தேயிலை போட்டார். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்த பிறகே தேயிலை மலையை மூடியது.

இலங்கைத் தேயிலை என்றதும் டெய்லரின் பெயரோடு நிறுத்திவிடுகிறோம். கொழுந்து பறித்த கைகள் தமிழ்க் கைகள். அவர்களைத் தேயிலைக்காக வந்தவர்கள் என்று எழுதுவதும் பாதிதான் சரி. அவர்களின் பாட்டன் பாட்டிகள் பலர் காப்பிக் காலத்திலேயே, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி பின்னால் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்கள். மலை ஏறும் முன்பே காய்ச்சலிலும் காலராவிலும் செத்தவர்கள் அந்த வழியெங்கும் கிடந்தார்கள்.