வெனீர் போடலாமா, வேண்டாமா? பல்லைச் சீவக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

"மூணு மாசத்துல கல்யாணம், முன்பல் அசிங்கமா இருக்கு, வெனீர் போட்டுடலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய ஓடு. லேபில் செய்து வரும் செராமிக் ஒரு வகை. நாற்காலியில் உட்கார வைத்தே பல்மேல் பூசி, நீல ஒளி காட்டி இறுக்கும் பல் நிற ரெசினான காம்போசிட் இன்னொரு வகை.

செராமிக் ஓடு உட்கார இடம் வேண்டுமல்லவா? அதற்காகப் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மி.மீ. வரை எனாமலை, அதாவது பல்லின் கடினமான வெளிப்பூச்சை, சீவுவார்கள். சீவிய எனாமல் மறுபடி வளராது. ஆகவே சீவாமல் முடியும் வழிகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 1: குறை என்ன என்று பிரித்து எழுதுங்கள்

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். நிறமா, வடிவமா, வரிசையா?

டீ, வெற்றிலை, புகையிலைக் கறை என்றால் க்ளீனிங் போதும். பல் மொத்தமும் மஞ்சள் என்றால் ப்ளீச்சிங். அடிபட்டோ ரூட் கேனால் செய்தோ ஒரே ஒரு பல் கறுத்திருந்தால், ரூட் கேனால் செய்த பிறகு அந்தப் பல்லை மட்டும் உள்ளிருந்து வெளுக்க வைக்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வரும் பழுப்புக் கறை வேறு ரகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பல் உருவாகும் சிறுவயதில் அதற்கு மேல் உள்ளே போனால் எனாமலே கோளாறாக உருவாகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் விளக்காத குறையும் இல்லை. வெள்ளைத் திட்டோ லேசான பழுப்போ என்றால் மேற்பரப்பை மிக மெல்லியதாக உரசி எடுக்கும் மைக்ரோஅப்ரேஷன், ப்ளீச்சிங், திரவ ரெசினை உள்ளே ஊற வைக்கும் முறை ஆகியவற்றைக் கேளுங்கள். குழி விழுந்து, எனாமல் பெயர்ந்திருந்தால் வெனீர் நியாயமான தேர்வுதான்.

கோணல் பல்லுக்குக் கிளிப்போ, கழற்றி மாட்டும் அலைனரோதான் சரி. வெனீர் போட்டு வரிசையாக்க அதிகம் சீவ வேண்டியிருக்கும். சின்ன இடைவெளி, உடைந்த முனை, குச்சி மாதிரிச் சிறுத்த பக்கப்பல் ஆகியவற்றுக்குக் காம்போசிட்டை முதலில் கேளுங்கள்.

படி 2: சொத்தை, ஈறு

ஈறில் ரத்தம் வந்தால் அதைக் குணப்படுத்திய பிறகே மற்ற பேச்சு. சொத்தையும் அப்படியே. சொத்தையைச் சுரண்டிப் பெரிதாக அடைத்த பல்லில் எனாமல் குறைவாக இருக்கும். ஓடு உறுதியாகப் பிடிப்பதே எனாமலில்தான். ஹாலிவுட் நடிகர்களுக்குப் பல் மருத்துவர் சார்ல்ஸ் பின்கஸ் ஒட்டிய ஆரம்பகால ஓடுகள் படப்பிடிப்போடு கழன்றுவிடும். 1955-இல் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டலாம் என்று காட்டிய பிறகுதான், நிலைத்து ஒட்டுவதற்கு வழி பிறந்தது.

படி 3: கடிக்கும் பழக்கம்

தூக்கத்தில் பல்லை நறநறக்கிறீர்களா? வீட்டில் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. இருந்தால் ஓடு உடையும் வாய்ப்பு அதிகம். போட்டாலும் இரவில் நைட் கார்டு என்ற பல் உறை மாட்ட வேண்டும். முன்பல்லால் கரும்பு உரிப்பது, எலும்பு கடிப்பது, சோடா மூடி திறப்பது எல்லாவற்றுக்கும் முழுக்கு.

படி 4: சீவும் முன் மாதிரி பாருங்கள்

இதைத் தவறவிடாதீர்கள். அளவெடுத்து, புதுப் பல்லின் வடிவத்தை மெழுகிலோ கணினியிலோ செய்து, அதைத் தற்காலிக ரெசினாக உங்கள் பல்மேலேயே மாட்டிக் காட்ட முடியும். 'மாக்-அப்' என்று கேளுங்கள். மாட்டிக்கொண்டு பேசிப் பாருங்கள், போட்டோ எடுங்கள், அம்மாவிடம் காட்டுங்கள். பல் நீளமாகிவிட்டால் பேச்சு தடுமாறும். அது இப்போதே தெரிந்துவிடும்.

நிறத்தில் ஆசை கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். விளம்பர வெள்ளை நம் தோல் நிறத்துக்கு ஒட்டவைத்த மாதிரிதான் தெரியும் என்பது என் அபிப்பிராயம். மற்ற பற்களை ப்ளீச் செய்வதானால் வெனீருக்கு முன்பே செய்து, சுமார் இரண்டு வாரம் விட்டுவிட்டு நிறம் தேர்ந்தெடுங்கள். செராமிக் ஓடு பிறகு ப்ளீச்சில் வெளுக்காது.

படி 5: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எத்தனை பல், ஏன் அத்தனை? எத்தனை மி.மீ. சீவுவீர்கள்? இது வெனீரா, கேப்பா? வெனீர் என்று சொல்லி பல்லைச் சுற்றிலும் செதுக்கிக் கேப் மாட்டுவதும் நடக்கிறது. கேப்புக்காகச் செதுக்கி இழக்கும் பல்லின் அளவு பல மடங்கு அதிகம்.

செராமிக் பொதுவாக 10–15 வருடம், காம்போசிட் 5–7 வருடம் வரும். 25 வயதில் போட்டால் ஆயுளில் சில தடவை மாற்ற நேரும். பல் ஒன்றுக்கு இன்றைய விலையோடு அந்தச் செலவையும் கூட்டுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இப்போதைக்குக் காம்போசிட் போதும்.

மாக்-அப் தேவையில்லை, இன்றே சீவிவிடலாம் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது கருத்துக்குச் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரே மாதம்தான் இருக்கிறது என்றால் க்ளீனிங்கும் ப்ளீச்சிங்கும் செய்துகொள்ளுங்கள்; வெனீர் பேச்சை மறுவீடு முடிந்து வைத்துக்கொள்ளலாம்.