வீணையில் காலப்பிரமாணம் (வாசிப்பின் வேகம்) ஓடுகிறதா? சுண்டுவிரலைப் பழக்குங்கள்

தஞ்சாவூர் வீணையில் வாசிக்க நான்கு தந்தி, பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. பாடுகிறவர் தொடையில் தாளம் போட்டுக்கொள்ளலாம். வீணை வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். தாளம் வலதுகைச் சுண்டுவிரலில்தான் நிற்க வேண்டும். அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களுக்கு இரண்டாம் காலம் (இரட்டை வேகம்) வந்ததும் வேகம் பிய்த்துக்கொண்டு ஓடும்.

முதல் சில நாள் இடதுகைக்கு ஓய்வு. கைப்பேசி மெட்ரோனோமை (சீராகத் தட்டும் செயலியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கும் (எண்ணிக்கைக்கும்) சுண்டுவிரலால் தாளத் தந்திகளை மேல்நோக்கி மீட்டுங்கள். அது தானாக நடக்கத் தொடங்கியதும் சாரணியை (முதல் வாசிப்புத் தந்தியை) வெறுந்தந்தியாகவே ஆள்காட்டி, நடுவிரல் என்று மாற்றி மாற்றிக் கீழ்நோக்கி மீட்டுங்கள்: அட்சரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு. நடுவிரல் மீட்டு பெரும்பாலும் மெலிந்து, கொஞ்சம் பிந்தி விழும். அதற்காக ஆள்காட்டியின் பலத்தைக் குறைக்க வேண்டாம். நடுவிரலில் தொடங்கி அதே வரிசையைத் திரும்பச் செய்தால் போதும். மீட்டும் இடமும் மாறக்கூடாது. குதிரையை (தந்திகளைத் தாங்கும் பாலத்தை) ஒட்டிப் போனால் நாதம் கீச்சென்று ஆகிவிடும்.

அடுத்து மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி). ஏறியும் இறங்கியும் 16 ஸ்வரம். 60-ல் முதல் காலத்துக்கு இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று), 16 விநாடி. இரண்டாம் காலத்துக்கு ஒரு ஆவர்த்தனம். மூன்றாம் காலத்தில் அரை ஆவர்த்தனத்திலேயே முடிந்துவிடும். இரண்டு தடவை வாசித்தால்தான் சமத்துக்கு (சுற்றின் தொடக்கத்துக்கு) வந்து சேரும். தாளம் தப்பிவிட்டது என்று பலர் திகைப்பது இந்தக் கணக்கை மறந்துதான்.

ஸ்வரம் 'டக்'கென்று செத்து விழுந்தால், மீட்டின நாதம் நிற்பதற்குள் இடதுவிரல் எழுந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த மெட்டுக்கு (தண்டியில் ஸ்வரம் பிடிக்கும் உலோகக் கம்பிக்கு) போகும்வரை தந்தியை விடாதீர்கள். கரகரத்தால் விரல் மெட்டைவிட்டு விலகியிருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக வரும் ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்துக்குத்தான் அழுத்தம். அதைக் கொடுக்கும்போது கை முந்துகிறதா என்று கேளுங்கள்.

60-ல் நிலைத்தபின் மெட்ரோனோமை 30 ஆக்குங்கள், வாசிக்கும் வேகம் மாறாமல். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் மட்டும் சத்தம் வரும். நடுவில் சுண்டுவிரல்தான் துணை. இதில் தேறியவர்கள் தாளத் தந்தியை ஒன்று, ஐந்து, ஏழில் மட்டும் மீட்டிப் பார்க்கலாம். திருவையாற்றில் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகளைப் பாடும் கோஷ்டியோடு உட்கார்ந்து வாசிக்கும் ஆசை இருந்தால் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே உங்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஸ்வரம் பிசகினால் கையைத் திட்டாமல் கருவியைப் பாருங்கள். 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருப்பவை. டெல்டாவின் சித்திரை, வைகாசி வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தந்தி துருவேறி விரல் இடறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இடதுவிரல் நுனிக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு தொடுகை போதும், வழிய வேண்டாம்.