ஆச்சியின் காதில் ஆணி அடிக்காதீர்கள்: ஊர் வரலாற்றை ஆல்பமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் கரையோரக் கதைகளை வைத்து ஒரு இண்டி ஃபோக் ஆல்பம் செய்கிறார்களாம். பதினான்கு பாட்டுகள். கிதார், செல்லோ, வில்லுப்பாட்டுக் குடம், கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல்வாத்தியம், நடுவில் ஒரு ஒப்பாரி. மூன்று பாட்டுகளின் மாதிரிப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஒப்பாரி தொடங்கி நாற்பது நொடிகூட ஆகவில்லை, எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் மேல் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே தவறைச் செய்து பணத்தைத் தண்ணீராக விட்ட என் மேல்தான்.

வருடங்களைச் சரிபாருங்கள், மைக்குக்குப் பக்கத்தில் மின்விசிறியை ஓடவிடாதீர்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு ஆள் வேண்டியதில்லை. ஓரளவு விவரம் தெரிந்தவர்களே போய் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

கட்டபொம்மனிலிருந்து தொடங்குவது

எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, தூக்குக்கயிறு. பெரிய நிகழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் எவர் காதிலும் சினிமா வசனம் ஒலிக்க ஆரம்பித்துவிடும். அதை மீறி உங்கள் கிதார் கேட்காது.

பெரிய கதவு அடைத்துக்கொண்டிருந்தால் பக்கவாசலைத் தேடுங்கள். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. இதை அப்படியே பாட்டாக்கினால் பாடப்புத்தகம்தான் வரும். ஆனால் அந்த வேலைநிறுத்த நாட்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், அவர் தொழிலாளர் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் பாதிக் கன்னத்தில் கத்தியை நிறுத்திவிட்டு எழுந்துபோனாராம். ஒரு பக்கம் மழித்த முகத்தோடு தெருவில் நடந்துபோகும் வக்கீல்! அவருக்கு ஒரு பாட்டு எழுதினேன். என் ஆல்பத்தில் இன்றும் ஜனங்கள் கேட்பது அந்த ஒன்றைத்தான். வ.உ.சி.யின் பெயர் அதில் ஒரு இடத்திலும் வராது.

முதலில் கிளிக் டிராக், கடைசியில் பாடகர்

இப்போது அந்தத் தவறுக்கு வருகிறேன்.

ஸ்டுடியோக்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கிளிக் டிராக், அதாவது தாளம் பிசகாமல் இருக்க மெட்ரோனோமின் டிக்டிக் ஓசையை முதலில் போட்டுக்கொள்வோம். அதன் மேல் கிதார், அதன் மேல் மற்ற வாத்தியங்கள், எல்லாம் முடிந்த பிறகு குரல். நாமே எழுதி நாமே பாடும் பாட்டுக்கு இதில் எந்தக் கெடுதலும் இல்லை. கும்மிப் பாட்டுக்கூடத் தாங்கிக்கொள்ளும், கைதட்டலே ஒரு கிளிக்தானே. இதையே ஒப்பாரிக்கும் வில்லுப்பாட்டுக்கும் செய்தபோதுதான் நான் கெட்டேன்.

தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிய பாட்டு அது. நடுவில் ஓர் ஒப்பாரி வேண்டும் என்று திட்டம். கிதாரும் செல்லோவும் நான்கு கட்டைச் சுருதியில், நிமிடத்துக்கு 66 தட்டு என்று கச்சிதமாகப் பதிவாகித் தயாராக இருந்தன. திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆச்சியைக் காரில் வைத்து நகரத்துக்கு அழைத்துவந்தோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கொண்டையைத் தளர்த்தி ஹெட்ஃபோனை மாட்டினோம். டிக்டிக் தொடங்கியது. ஆச்சி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “எய்யா, காதுக்குள் யாரோ ஆணி அடிக்கிறார்களே, அவர்கள் அடித்து முடித்த பிறகு பாடட்டுமா?”

அறையில் எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. ஆறு மணி நேரம் முயன்றோம். தாளத்துக்குள் அடைபடுவதற்காக அவர் விம்மலை விழுங்கினார். வரியின் கடைசியில் குரல் உடைந்து மூச்சு இழுக்கும் இடம் ஒன்று உண்டே, ஒப்பாரியின் உயிரே அதில்தான். அது அடுத்த தட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் அறுந்துபோனது. மிச்சமிருந்ததையும் ஒலிப்பதிவாளர் மென்பொருளில் போட்டுச் சுருதி ‘திருத்தி’க் கொடுத்தார். கேட்டால், இழவு வீட்டுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

அதே முறையில் பதிவான இரண்டு வில்லுப்பாட்டுப் பகுதிகளையும் சேர்த்துக் குப்பையில் போட்டேன். ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம், பயணச் செலவு எல்லாமாக எழுபதாயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் எனக்கு அது ஐந்து மாத வீட்டு வாடகை.

எங்கே பிசகியது என்று பிற்பாடு உட்கார்ந்து அளந்து பார்த்தேன். ஆச்சி தன் ஊரில் பாடியதைக் கைப்பேசியில் முன்பே பதிந்து வைத்திருந்தேன். நான்கு கட்டையில் தொடங்குகிறார். கணவரைப் பற்றிய வரிகள் முடிந்து பிள்ளைகளுக்கு வரும்போது குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, முடிக்கையில் நாலரைக் கட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அரைக் கட்டை ஏற்றம்! இது பிழை இல்லை, துக்கம் முற்றுவதன் கணக்கு. இரண்டு வரிகள் ஒரே நீளத்தில் இல்லை. மூச்சு இருக்கும் வரை வரி, அவ்வளவுதான். வில்லுப்பாட்டில் தாளம் உண்டு, ஆனால் அது நடக்கிற தாளம். ஒரு கதைப்பாட்டைத் தட்டித் தட்டி எண்ணிப் பார்த்தேன்: தொடக்கத்தில் நிமிடத்துக்கு 84, சாமி வரும் கட்டத்தில் 130-ஐத் தாண்டிவிட்டது. 84-இலேயே கட்டிப்போட்டால் சாமி எப்படி வரும்?

வாத்தியங்களும் இதே கதைதான். வில்லுக்குக் கீழே இருக்கும் மண்குடத்துக்கு முறுக்காணி கிடையாது. அதன் சுருதி எதுவோ அதுதான், நாம்தான் கிதாரை அதற்கு இறக்கவோ ஏற்றவோ வேண்டும். மகுடத்தின் தோலை நெருப்பில் காய்ச்சித்தான் விறைப்பேற்றுவார்கள். ஸ்டுடியோவுக்குள் வைக்கோல் கொளுத்த யாரும் விடமாட்டார்கள். தோல் தொய்ந்த மகுடத்தை அடித்துப் பதிந்துவிட்டு, “என்ன, ஒலியே எடுபடவில்லை” என்று கணியான் கூத்துக் கலைஞரைக் குறை சொன்ன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் தலைகீழாக்கினோம். கருவியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஆச்சியின் ஊருக்குப் போனோம். வீட்டுத் திண்ணையில் பாட மாட்டேன் என்றார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது. ஸ்டுடியோவில் அவர் அன்று திரும்பத் திரும்பச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலின் வரப்பில், பனைமர நிழலில் உட்கார்ந்தார். இரண்டு மைக், பேட்டரியில் ஓடும் ஒரு ரெக்கார்டர். ஹெட்ஃபோன் இல்லை, சுருதிப்பெட்டிகூட இல்லை. பதினோரு நிமிடம் பாடினார், ஒரே மூச்சாக. முடித்துவிட்டு மூக்கைச் சிந்தி, வெற்றிலை கேட்டார்.

அந்தப் பதினோரு நிமிடம்தான் அடித்தளம். கிதார்க்காரர் அதை நான்கு நாள் கேட்டார். கணினியில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கையாலேயே குறி வைத்தோம். ஆச்சியின் மூச்சு எங்கே இழுபடுகிறது என்று பழகிய பிறகே அவர் கிதாரைத் தொட்டார். குரல் ஏறும் இடத்தில் கிதாரை நிறுத்திவிட்டோம். மூன்று வரிகளுக்கு ஆச்சி மட்டும். அதன் பிறகு அரைக் கட்டை ஏற்றிச் சுருதி சேர்த்த வேறொரு கிதார், செல்லோவோடு, மெதுவாக உள்ளே வரும். கேட்பவர்களுக்குச் சுருதி மாறியதே தெரியாது. ஏதோ தொண்டையை அடைக்கிறது என்பார்கள்.

வந்த இளைஞர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். “கிளிக் இல்லாமல் எடிட் செய்ய முடியாதே” என்றார் ஒருவர். முடியாதுதான். எடிட் செய்யாதீர்கள்.

ஒரே ஒரு பாடத்தை நம்புவது

கதைப்பாடல்களை அச்சில் பார்த்ததும் அதுதான் மூலம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். நாட்டார் கதைக்கு ஒரே பாடம், அதாவது ஒரே வடிவம், என்பதே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் வழிபடப்படும் முத்துப்பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணன் அவன். செருப்புத் தைக்கும் சமூகத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசைப்படுகிறான். அவர்களுக்காகப் பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைத்துக் காட்டிக் கல்யாணம் முடிக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். கதையின் எலும்பு இது. ஆனால் சில பாடங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களே, வாலப்பகடை வளர்த்தவர் மட்டுமே என்று ஒரு திருப்பம் செருகப்பட்டிருக்கும். கதையின் முதுகெலும்பையே உருவும் செருகல். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்தது போன்ற நூல்களைத் தேடிப் படியுங்கள். இரண்டு மூன்று வில்லுப்பாட்டுக் குழுக்கள் அதே கதையை எப்படிப் பாடுகின்றன என்று விடிய விடிய உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பாடத்தை எடுக்கிறோம் என்று தெரிந்தே எடுங்கள். கைக்குக் கிடைத்ததைப் பாடிவிட்டு, “எங்களுக்குச் சாதி பார்க்கத் தெரியாது” என்று அப்பாவி முகம் காட்டுவதை நான் நம்புவதில்லை.

சொல்லின் வயதைப் பார்க்காதது

அதே பஞ்சப் பாட்டில் இன்னொரு கூத்து நடந்தது. 1876–78 பஞ்சத்தில் தென்பாண்டிச் சனம் தூத்துக்குடியில் தோணி ஏறி இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனது. “தேயிலைக் கொழுந்தே, என் தாலி எங்கே” என்று ஒரு வரி எழுதி, அதை நானே மெச்சிக்கொண்டேன். வெளியிட்ட பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனில் அழைத்தார். “தம்பி, அன்றைக்கு அங்கே பெரும்பாலும் காப்பித் தோட்டம் அல்லவா? நோய் விழுந்து காப்பி அழிந்த பிறகுதானே தேயிலை பரவியது?” என்று பணிவாகக் கேட்டார். சரிதான். இலை நோய் 1869-இலேயே தலைகாட்டியிருந்தாலும், தேயிலை காப்பியின் இடத்தைப் பிடித்தது 1880-களில்தான். அந்த வரியை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மேடையில் ‘காப்பிக் கொழுந்தே’ என்று பாடிச் சமாளிக்கிறேன். காப்பிக்குக் கொழுந்து பறிப்பதில்லை என்று அடுத்த போன் எப்போது வருமோ!

முன்னுரை வாசிக்கும் கனத்த ஆண் குரல்

வேண்டாம்.

ஒரே ஆல்பத்தில் இருபத்திரண்டு பாட்டை அடைப்பது

வினைல் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம்தான் நன்றாகப் பிடிக்கும். நீங்கள் தட்டு போடாவிட்டாலும் அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

கோழிச் சத்தத்தை அழிப்பது

இருக்கட்டும், அது அந்த ஊர்க் கோழி.

‘மரபுப் பாடல்’ என்று எழுதி முடித்துக்கொள்வது

பாட்டு மரபினுடையதாக இருக்கலாம், பாடிய தொண்டை ஒருவருடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநருக்கென்று தனி உரிமை இருக்கிறது, அது 50 ஆண்டுகள் நீடிக்கும். தன் பெயரைக் குறிப்பிடும்படி கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அதைப் படித்துக் காட்ட அவர் வீட்டு ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பதிவன்றே கையில் கொடுங்கள். ‘ஆல்பம் ஓடினால் பார்க்கலாம்’ என்ற பேச்சே கூடாது.

பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஆச்சிக்கு ஊரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறொரு பெயர். உறையில் எதைப் போடட்டும் என்று கேட்டேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். இரண்டும் வேண்டாம் என்றார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் அம்மா மட்டும் கூப்பிட்ட மூன்றாவது பெயர் ஒன்றைச் சொன்னார்.