பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

நான் லேப் டெக்னீஷியன். கவுன்டரிலேயே கவரைப் பிரித்து, பி.எஸ்.ஏ. எண் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிடும் பெரியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். "கேன்சரா தம்பி?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து டாக்டராலேயே சொல்ல முடியாது.

பி.எஸ்.ஏ. என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் புரதம். சுரப்பி பெருத்தாலும் கூடும், தொற்று வந்தாலும் கூடும், கேன்சர் இருந்தாலும் கூடும். ரிப்போர்ட்டில் வழக்கமாக 4 வரை நார்மல் என்று அச்சாகியிருக்கும். வயதைக் கணக்கில் எடுக்கும் டாக்டர்கள் ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 என்று வைத்துப் பார்ப்பார்கள்.

ரத்தம் கொடுக்குமுன் யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்ததா, சிறுநீர் போக டியூப் போட்டார்களா? அப்படியானால் ஆறேழு வாரம் கழித்துத் திரும்ப எடுப்பதுதான் சரி. டெஸ்ட்டுக்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியமும் சைக்கிளும் வேண்டாம். வெறும் வயிறு தேவையில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டே வரலாம்.

அடுத்து ஸ்கேன் ரிப்போர்ட். அதில் 'கிரேட் 2 புராஸ்டோமெகலி' (சுரப்பி பெருத்திருக்கிறது என்றுதான் அர்த்தம்) என்று பயமுறுத்தும் வரியை விடுங்கள், சுரப்பி எத்தனை சிசி என்று பாருங்கள். பி.எஸ்.ஏ.வை அந்த சிசியால் வகுக்க வேண்டும். என் பெரியப்பாவுக்கு பி.எஸ்.ஏ. 6.2, சுரப்பி 62 சிசி. வகுத்தால் 0.10. இது 0.15-க்குக் கீழே இருந்தால், ஏற்றத்துக்கு வீக்கமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சித்தப்பாவுக்கோ 3.1 தான். வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். ஆனால் அவர் இரண்டு வருஷமாக, சுரப்பியைச் சுருக்கும் டூட்டாஸ்டெரைடு மாத்திரை சாப்பிடுகிறார். அதுவும் ஃபினாஸ்டெரைடும் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் பி.எஸ்.ஏ.வைப் பாதியாக்கிவிடும். அதனால் அவருடைய 3.1-ஐ 6.2 என்றுதான் படிக்க வேண்டும். சுரப்பியோ 30 சிசி. வகுத்தால் 0.15-ஐத் தாண்டுகிறது, அதனால் டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். சிறுநீர் எளிதாகப் போகக் கொடுக்கும் டாம்சுலோசின் மட்டும் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பல மாத்திரைகளில் டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்தே வரும், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். டெஸ்ட்டுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் போகும்போது அட்டையையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். எண் வருஷா வருஷம் எப்படி ஏறியது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் இருக்கும். 4, 5 என்றால் பெரும்பாலும் பயாப்ஸி (சுரப்பியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) சொல்வார்கள்.

இன்னொன்று: சுரப்பி வீங்கியவர்கள் சளிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கக் கூடாது. சிலவற்றால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, குளிர்காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலோ, பி.எஸ்.ஏ. எடுக்க லேபுக்கு வராதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.